மட்கார்டில் ஒரு பொட்டு

பல் டாக்டர் கோபமாகத்தான் மாடிப்படி ஏறி வந்தார். அழுகை சற்றுப் பின்னால் வந்துகொண்டிருந்தது.

சைக்கிள் கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறையில் அப்போது இரண்டு பேர். மேஜைக்குப் பின்னால் அண்ணி. ஜன்னலோரம், தேநீர் கொதிப்பதை ஏதோ கைதியைப் பார்ப்பதுபோல் உற்றுப் பார்த்தபடி அவசரம்.

அண்ணி என்பது உறவுமுறைதான். ஆனால் தெருவே அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, அது பெயராகிவிட்டது. வாகனக் காப்பீட்டு அலுவலகத்தில் பல வருடம் விபத்துப் படங்களைப் பார்த்தவர் அவர். ‘இந்தக் கதவு நேத்து நசுங்கலை, போன வருஷமே நசுங்கியாச்சு’ என்று படத்தை மட்டும் பார்த்துச் சொல்லி, பலருடைய தூக்கத்தைக் கெடுத்தவர். வேலையை விட்டுவிட்டு இந்தத் துப்பறியும் அலுவலகத்தைத் திறந்தபோது கூடவே வந்து ஒட்டிக்கொண்டவர் அவருடைய கணவரின் தம்பி. தலை பாதி நரைத்தும், கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லும் பழக்கம் போகவில்லை. ‘அவசரம்’ என்று அண்ணன் வைத்த பட்டப்பெயர் அப்படியே நின்றுவிட்டது.

டாக்டர் ஒரு உறையைத் திறந்து மூன்று பெரிய புகைப்படங்களை மேஜையில் போட்டார். மூன்றிலும் ஒரே பழைய கார். பாலாடை நிற உடம்பு, கருஞ்சிவப்புக் கூரை, தவளைக் கண் மாதிரி ஹெட்லைட்.

“இதுல இருக்கிறது காரா, பொம்மையா? எனக்குத் தெரியும். ஆனா வேற ஒருத்தர் வாயால கேக்கணும்.”

“முதல்ல உட்காருங்க,” என்றார் அண்ணி. “காரும் எங்கேயும் ஓடிடாது, பொம்மையும் ஓடிடாது.”

“ரெண்டுமே போயிடுச்சுங்க. அதுக்குத்தான் வந்திருக்கேன்.”

அவசரம் தேநீரை மறந்து திரும்பினார். “கார் திருட்டா? பொம்மைத் திருட்டா?”

“அவசரம், அடுப்பு,” என்றார் அண்ணி.

டாக்டர் உட்கார்ந்தார். கதை வந்தது.

பழைய கார் பிரியர்கள் சங்கம் ஒன்று வருடா வருடம் அணிவகுப்பு நடத்துகிறது. கலந்துகொள்ள விரும்புகிறவர்கள் முதலில் படம் அனுப்ப வேண்டும். வம்பே அதில்தான். ஒருமுறை ஓர் ஆசாமி அனுப்பிய படங்களைப் பார்த்து மயங்கி, கொடியசைக்க முன்வரிசையில் இடம் கொடுத்துவிட்டார்கள். அணிவகுப்பன்று அவர் செருப்புப் பெட்டியோடு வந்து இறங்கினார். பெட்டிக்குள் கார். கையளவு.

அன்றிலிருந்து படங்களை வடிகட்ட ஒரு குழு. அதில் பல் டாக்டரும் ஒருவர். பல் பிடுங்கும் நேரம் போக மிச்ச நேரத்தில் அவர் செய்வது குட்டிக் கார்கள். பொம்மை செய்கிற கைக்குப் பொம்மையைக் கண்டுபிடிக்கத் தெரியாதா? ஒவ்வொரு படத்தின் பின்னாலும் ‘உண்மை’ அல்லது ‘பொம்மை’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை.

“நேத்து சாயங்காலம் வந்த படக்கட்டுல எங்கண்ணன் பேர்ல இது இருந்துச்சு. பார்த்ததும் எனக்கு மூச்சே நின்னுடுச்சு. இது எங்கப்பா கார்.”

“அப்பா இப்ப…?”

“இல்லைங்க. அவர் போனதும் கார் அண்ணன்கிட்ட தங்கிடுச்சு. பழைய வீட்டு ஷெட்ல நின்னுது. நான் எடுத்துட்டுப் போய் ஓட வைக்கிறேன்னு கேட்டேன். அவன் என்ன சொன்னான் தெரியுமா? ‘உனக்கு ஓட்டவே தெரியாது, நீ போய் பொம்மை வச்சு விளையாடு’ன்னான். சொந்தக்காரங்க அத்தனை பேர் முன்னாடி. அன்னிக்கோட பேச்சு நின்னுச்சு.” டாக்டர் மூக்கை உறிஞ்சினார். “ரோஷத்துல ஓட்டக் கத்துக்கிட்டேன். அதே ரோஷத்துல அந்தக் காரையே பொம்மையா செஞ்சேன். அப்பா அதுல கை வச்சு நிக்கிற படம் ஒண்ணு என்கிட்ட இருக்கு. அதைப் பார்த்து வெளிப்பக்கம். உள்பக்கம் பூரா ஞாபகத்துல இருந்து. சீட்ல போட்ட தையல்கூட விடலை.”

“படத்துல இருக்கிறது உங்க பொம்மைன்னு எப்படிச் சொல்றீங்க?”

டாக்டர் முதல் படத்தில் விரலை வைத்தார். முன்பக்க இடது சக்கரத்துக்கு மேலே, வளைந்து இறங்கும் மட்கார்டில், பழுப்பாக ஒரு பொட்டு. ஒரு பக்கம் வால் இழுத்த பொட்டு.

“இது துரு. அப்பா படத்துல இருக்கு. அதே மாதிரி நான் மூணு பழுப்பு கலந்து, பல்லுக்கு வர்ணம் தீட்டற பிரஷ்ல வச்சேன். என் கையெழுத்தை எனக்குத் தெரியாதாங்க? நேரா வீட்டுக்குப் போய் கண்ணாடி அலமாரியைப் பார்த்தேன். வெயில் படுதுன்னு எங்க வீட்டுக்காரர் அதுக்கு மேல துணி போட்டு மூடியிருந்தார். துணியை எடுத்தா, உள்ளே ஒரு ரொட்டி டப்பாவைக் கவிழ்த்து வச்சிருக்கு!”

“பூட்டு?”

“உடையலை. சாவி சமையலறை ஆணியில.”

“வீட்டுக்காரர் என்ன சொன்னார்?”

“அவர் பாவம், வாயைப் பிளந்துட்டு நின்னார். அவருக்குப் பொய்யே வராது. எங்கண்ணன் யாரையோ விட்டு எடுத்திருக்கான். நிஜ காரைப் பழைய இரும்புக்குப் போட்டுட்டான். இப்ப என் பொம்மையையே படம் எடுத்து, நான் இருக்கிற குழுவுக்கே அனுப்பி, ‘பொம்மை வச்சு விளையாடு’ன்னு மறுபடி சொல்றான்!”

அழுகை இப்போது வந்து சேர்ந்துவிட்டது. அவசரம் அவசரமாக ஒரு கோப்பைத் தேநீரை நீட்டினார். சர்க்கரை போட மறந்திருந்தார்.

“இன்னிக்கு சாயங்காலம் குழு கூடுது,” என்றார் டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “நான் ‘பொம்மை’ன்னு எழுதினா, அவன் பேரை எல்லார் முன்னாடியும் படிச்சு, இனிமே எந்த அணிவகுப்புக்கும் வரக் கூடாதுன்னு தள்ளிடுவாங்க. தள்ளட்டும். ஆனா அதுக்கப்புறம் எனக்கு அண்ணன்னு ஒருத்தன் கிடையாது. அதனாலதான் எழுதறதுக்கு முன்னாடி வந்தேன்.”

அண்ணி எழுந்தார். மூன்று படங்களையும் ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார்.

முதல் படத்தில் கார் பக்கவாட்டில் நின்றது. பின்னணி முழுக்க மங்கல். இரண்டாவதில் முன்புறம், அப்போதுதான் கழுவியதுபோல பானெட் மேல் நீர்த்துளிகள். மூன்றாவது, முன் சக்கரத்தை மட்டும் நெருங்கி எடுத்தது. சக்கரத்தின் நடுவே பளபளக்கும் வட்ட மூடி, அதாவது வீல் கப். அதற்கு மேலே அந்தப் பொட்டு.

“பொம்மையேதான் அண்ணி,” என்றார் அவசரம், தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து. “பின்னாடி எப்படிக் கலங்கலா இருக்கு பாருங்க. சின்னப் பொருளைக் கிட்டப் போய் எடுத்தாத்தான் இப்படி வரும். போன மாசம் நீங்களே சொன்னீங்க.”

“சொன்னேன். அதுக்கு மேலயும் ஒண்ணு சொன்னேன். அதுக்குள்ள நீங்க எழுந்து போயிட்டீங்க,” என்றார் அண்ணி. “டாக்டர், உங்கப்பா படம் கையில இருக்கா?”

கைப்பையிலிருந்து ஒரு கறுப்பு வெள்ளைப் படம் வந்தது. வெள்ளைச் சட்டை போட்ட மெலிந்த மனிதர், குதிரையைத் தட்டிக்கொடுப்பதுபோல் பானெட்டில் கை வைத்து நின்றார். மட்கார்டில் அந்தப் பொட்டு, வாலோடு.

அண்ணி பூதக்கண்ணாடியை எடுத்தார். காரைப் பார்த்தார். பிறகு காரை விட்டுவிட்டு ஆளைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார்.

“டாக்டர், உங்கப்பா சட்டை துருப் பிடிக்குமா?”

“என்னது?”

“இங்கே பாருங்க. சட்டைப் பைக்குக் கீழே ஒரு பொட்டு. இதே வால். கொஞ்சம் வெளிறினது. அதோ, வானத்துல இன்னொண்ணு. மூணும் ஒரே குடும்பம்.”

டாக்டர் கண்ணாடி வழியாகப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் முகத்தில் கோபம் போய், ஒரு தொழில்காரரின் வெட்கம் வந்தது. “பூஞ்சை,” என்றார் மெல்ல. “படத்துல வந்த பூஞ்சை. காருக்குத் துருவே கிடையாது. நான்… பூஞ்சைக்குப் பெயின்ட் கலந்திருக்கேன்.”

“மூணு பழுப்பு,” என்றார் அவசரம், ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு. உடனே துள்ளினார். “அண்ணி! அப்போ முடிஞ்சுபோச்சு! நிஜ கார்ல இந்தப் பொட்டு இருக்கவே முடியாது. இவங்க பொம்மையில மட்டும்தான் இருக்கு. படத்துல பொட்டு இருக்கு. அப்படின்னா படத்துல இருக்கிறது பொம்மை! நான் போய் அந்த அண்ணன்காரனை…”

“உங்க சாவியைக் குடுங்க.”

“எதுக்கு?”

“குடுங்க தம்பி.”

அவசரத்தின் சாவிக்கொத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு தகரக் கார் தொங்கியது. அண்ணி அதை மேஜையில் நிறுத்தி, தண்ணீர்க் குவளையில் விரலை நனைத்து உதறினார். பானெட் மேல் ஒரு துளி உட்கார்ந்தது. ஹெட்லைட்டை விடப் பெரிய துளி. முன் கண்ணாடியில் விழுந்தது பாதிக் கண்ணாடியை அடைத்தது.

“காரைச் சின்னதாச் செய்யலாம். தண்ணிக்கு அதெல்லாம் தெரியாது. அது தன்னோட அளவுலதான் உட்காரும். இப்ப ரெண்டாவது படத்தைப் பாருங்க. ஒரு ஹெட்லைட் அகலத்துக்கு எத்தனை துளி வரிசையா நிக்குது? கடுகு கொட்டின மாதிரி.”

டாக்டர் படத்தை இழுத்துப் பார்த்தார். ஆனால் அவர் லேசில் விடுகிற ஆளில்லை. “நான் அதையும் ஏமாத்துவேன். கிளிசரினை ஊசியில தொட்டுத் தொட்டு வச்சா, கடுகுல பாதி அளவுக்குக்கூட வரும். ஒருநாள் பூரா உட்காரணும். ஆனா முடியும்.”

“உங்களால முடியும். உங்கண்ணனால?”

“அவனா? பள்ளிக்கூட பஸ் ஓட்டுறான். ஊசியில நூல் கோக்கச் சொன்னா, ஊசியை உடைச்சு வச்சிடுவான்.” பாதியில் நிறுத்தினார். குரலில் தெரியாமல் வந்துவிட்ட பிரியத்தை அவரே கேட்டிருக்க வேண்டும். “ஆனா பொட்டு? அந்தப் பொட்டுக்கு என்ன பதில்?”

“அதுக்குத்தான் இன்னும் ரெண்டு கேள்வி. உங்க வீட்டுக்காரருக்கு என்ன வேலை?”

“மூக்குக் கண்ணாடிக் கடை. அவரை ஏன் இழுக்கறீங்க?”

“இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. கடை லீவு. இப்ப எங்கே இருக்கார்?”

“நடக்கப் போயிருக்கார். டாக்டர் சொன்னாங்கன்னு கொஞ்ச நாளா ஞாயித்துக்கிழமை மட்டும் நடக்கறார்.”

“எந்த டாக்டர்?”

பல் டாக்டர் யோசித்தார். “நான் சொல்லலை,” என்றார்.

“விடிஞ்சதும் போயிருப்பார். வெயில் ஏறிடுச்சே, இன்னுமா நடக்கறார்?”

“மெதுவா நடப்பார். பை ஒண்ணு எடுத்துட்டுப் போவார். வந்ததும் நேரா குளியலறை. அதுல பாருங்க ஒரு கூத்து, சோப்புத்தூளோட சர்க்கரையைக் கலந்து கையைத் தேய் தேய்னு தேய்ப்பார். ரேகை மென்மையாகுமாம். எங்க வீட்டுல சர்க்கரை நிக்கிறதே இல்ல.”

அவசரம் அண்ணியின் காதருகே குனிந்தார். அறை முழுக்கக் கேட்கும்படி ரகசியம் சொன்னார். “வேற பொம்பளை, அண்ணி.”

டாக்டரின் கோப்பை தட்டில் மோதியது.

“ஆமா, வேற ஒருத்தி இருக்கா,” என்றார் அண்ணி நிதானமாக. “வயசானவ. கருஞ்சிவப்புத் தொப்பி போட்டவ. தவளைக் கண்ணு. வாங்க, போய்ப் பார்த்துட்டே வந்திடலாம். டாக்டர், பேனாவை எடுத்துக்கோங்க. அங்கேயே எழுதிடலாம். கடைசியா ஒண்ணு கேக்கணும், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வீட்டுக்காரருக்கு வழுக்கையா?”

“பளபளன்னு இருக்கும்,” என்றார் டாக்டர், எதுவும் புரியாமல்.

அண்ணி மூன்றாவது படத்தை மறுபடி ஒருமுறை பார்த்துக்கொண்டார். சிரித்தாரா இல்லையா என்று அவசரத்தால் சொல்ல முடியவில்லை.

பழைய வீடு ஊரின் மறுகோடியில். முன்கேட்டில் பச்சை வர்ணம் உரிந்து நின்றது. வீட்டின் பக்கவாட்டில் தகரக் கூரை போட்ட ஷெட். அதற்கு வெளியே ஒரு வேப்பமரம், மரத்தடியில் கவிழ்ந்த வாளி, ஒரு ஜோடி நடைப் பயிற்சி ஷூ. ஷூவில் ஒரு துளி மண் இல்லை. புதிதாக வாங்கிக் கழற்றி வைத்ததுபோல் இருந்தது.

“நடந்திருக்கார் பாருங்க, நல்லா,” என்றார் அவசரம்.

உள்ளே இரண்டு குரல்கள்.

“மச்சான், இந்தத் தையல் சாய்ஞ்சு வருது. அங்கே நேரா இருக்கு.”

“நேரா இருந்தா நேராப் போடுங்க மாப்பிள்ளை. அவ செஞ்சதுல தப்பிருக்காது.”

டாக்டர் வாசலிலேயே நின்றுவிட்டார். பிறகு, பல் பிடுங்கப் போகிற வேகத்தில் நுழைந்தார்.

ஷெட்டுக்குள் நின்றது கார். நிஜக் கார். தரையிலிருந்து டாக்டரின் தோள் உயரத்துக்கு, பாலாடை நிறத்தில், கருஞ்சிவப்புக் கூரையோடு. பின் சீட்டில் ஒருவர் வாயில் நூலோடு தைத்துக்கொண்டிருந்தார். பனியன், கையெல்லாம் கிரீஸ், பளபளக்கும் தலை. கார்க் கதவருகே ஸ்டூலில், மெத்தென்ற துண்டு விரித்து, அதன்மேல் இதே கார், முழங்கை நீளத்தில். தரையில் குந்தி டயரைத் துடைத்துக்கொண்டிருந்த கனத்த மனிதர் நிமிர்ந்தார். அவர் கையிலிருந்த துணி விழுந்தது.

“சுண்டெலி!” என்றார்.

அந்தச் சின்ன வயதுப் பெயரைச் சொல்லி இத்தனை வருடம் யாரும் அவரைக் கூப்பிட்டிருக்கவில்லை. டாக்டர் அதற்குப் பதில் சொல்லாமல் கணவர் பக்கம் திரும்பினார். “நடந்து முடிச்சாச்சா?”

கண்ணாடிக் கடைக்காரர் வாயிலிருந்த நூலை எடுத்தார். “இப்பத்தான்… திரும்பலாம்னு…”

“யாரும் அசையக் கூடாது!” என்று அவசரம் வாசலை மறித்தார். அசைகிற எண்ணம் யாருக்கும் இல்லை.

“நான் சொல்லிடறேன்,” என்றார் அண்ணி. வெளியே கவிழ்ந்திருந்த வாளியை உள்ளே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “டாக்டர், நீங்க கோபத்துல மூணு இடத்துல ஏமாந்தீங்க. முதல் இடம், கலங்கல். நிஜமாவே சின்னப் பொருளைக் கிட்டப் போய் எடுத்தா, மங்கல் கொஞ்சம் கொஞ்சமா வரும். காருக்குக் கீழே தரையே முன்னும் பின்னும் கரையும். இந்தப் படத்துல தரை அந்தக் கோடி வரைக்கும் கத்தி மாதிரித் தெளிவு. கார் முடியற இடத்துல சட்டுனு மங்கல். அதுவும் பக்கக் கண்ணாடியோட ஓரத்தையும் சேர்த்துத் தின்னிருக்கு. இது லென்ஸ் செஞ்ச வேலை இல்லை. பின்னணியைத் தானா மங்கலாக்கற புது போன் செஞ்ச வேலை.”

“அழகா வரும்னு அந்தப் பொத்தானை அழுத்தினேன்,” என்றார் கண்ணாடிக் கடைக்காரர் பரிதாபமாக. “கல்யாணப் படத்துக்கெல்லாம் அப்படித்தான்…”

“அழகாத்தான் வந்திருக்கு. நிஜ காரைப் பொம்மையா ஆக்கிடுச்சு, அவ்வளவுதான். ரெண்டாவது, தண்ணி. அதை அங்கேயே பார்த்தாச்சு. மூணாவது இதோ.” அண்ணி மூன்றாவது படத்தையும் பூதக்கண்ணாடியையும் டாக்டரிடம் கொடுத்தார். “பொட்டைப் பார்த்ததும் உங்க கண்ணு அங்கேயே நின்னுடுச்சு. கொஞ்சம் கீழே இறங்குங்க. வீல் கப்புக்குள்ள பாருங்க.”

டாக்டர் குனிந்தார்.

“பொம்மையோட வீல் கப் ரூபாய்க் காசு அளவுதான். அதைப் படம் எடுக்கணும்னா போனை மூக்குக்கிட்ட கொண்டு போகணும். அப்ப அந்த மூடிக்குள்ள என்ன தெரியும்? போனோட கறுப்பு முதுகும் எடுக்கிறவர் விரலும்தான். இதுல என்ன தெரியுது?”

“ஷெட் கதவு,” என்றார் டாக்டர். “வெளியே வேப்பமரம். குந்திக்கிட்டு ஒரு ஆள், போனோட. தலை… தலை பளபளங்குது.” கணவரை ஒரு பார்வை பார்த்தார். “பக்கத்துல தடியா இன்னொரு ஆள், தலையில இருந்து கால் வரைக்கும் தெரியறான். கையில எதையோ குழந்தையைத் தூக்கின மாதிரி…”

நிறுத்தினார்.

“உங்க பொம்மை,” என்றார் அண்ணி. “காரா பொம்மையான்னு கேட்டீங்க. அந்தப் படத்துல ரெண்டுமே இருக்கு. ஒண்ணைப் பார்த்துப் பார்த்து இன்னொண்ணைச் செஞ்சிருக்காங்க. அலமாரிச் சாவி இருக்கிற ஆணி தெரிஞ்சவர், ரொட்டி டப்பாவுக்குத் துணி போட்டு மூடினவர், கிரீஸ் கையை மெக்கானிக் மாதிரி சர்க்கரை போட்டுக் கழுவறவர் யாருன்னு இனி நான் சொல்ல வேண்டாம்.”

அவசரம் தலையைச் சொறிந்தார். “எல்லாம் சரி அண்ணி. பொட்டு? நிஜக் காருக்குத் துருவே கிடையாதே!”

எல்லோரும் மட்கார்டைப் பார்த்தார்கள். பாலாடை நிறத்தின் மேல், பழுப்பாக, வாலோடு, பொட்டு இருந்தது. அண்ணி விரலால் தடவினார். வழவழவென்றிருந்தது. துருவில்லை, பெயின்ட்.

“இதை வச்சது யார்?”

“நான்தான்,” என்றார் அண்ணன். கனத்த மனிதரின் குரல் சின்னதாக வந்தது. “ஷெட் கூரை ஒரு பக்கம் விழுந்து, வண்டி எலும்புக்கூடா நின்னுச்சுங்க. சீட்டை எலி தின்னுடுச்சு. ஓட வச்சுட்டேன், பஸ் ஓட்டுறவனுக்கு அது தெரியும். ஆனா எப்படி இருந்துச்சுன்னு ஒண்ணுமே ஞாபகம் வரலை. அப்பா முகம் வருது, வண்டி முகம் வரலை. சின்ன வயசுல இவதான் ஞாயித்துக்கிழமையானா துணியும் வாளியுமா இதைச் சுத்திச் சுத்தித் துடைப்பா. எனக்கு முன்சீட்டு மட்டும்தான் வேணும். மாப்பிள்ளைகிட்ட அழுதேன். அவர் இதைக் கொண்டாந்து காட்டினார்.” துண்டின் மேல் இருந்த பொம்மையைக் காட்டினார். “எல்லாம் அதுல இருந்துச்சு. கதவுக் கைப்பிடி எந்தப் பக்கம் வளையும், சீட்டுத் தையல் எத்தனை வரி, எல்லாம். மட்கார்டுல பொட்டும் இருந்துச்சு. எனக்கு அப்படி ஒண்ணு இருந்ததாவே ஞாபகம் இல்லை. ஆனா சுண்டெலி வச்சிருக்கான்னா இருந்திருக்கும்னு, நானும் வச்சேன். ஒரு நாள் பூரா ஆச்சு. வால் வரவே இல்லை.”

வேப்பமரத்தில் காகம் ஒன்று மட்டும் அபிப்பிராயம் சொன்னது.

“அது பூஞ்சைடா,” என்றார் டாக்டர். சிரிப்பா அழுகையா என்று தெரியாத குரல். “படத்துல வந்த பூஞ்சை. நான்தான் துருன்னு நெனச்சு வச்சுட்டேன். வண்டியில எதுவுமே இல்லை.”

அண்ணன் மட்கார்டைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். “இல்லையா?”

“இல்லை!”

“அட, ஒரு நாள் பூரா ஆச்சுடி!”

“ஏன்டா சொல்லலை? ஒரு வார்த்தை போன் பண்ணியிருந்தா நானே கொண்டாந்திருக்க மாட்டேனா?”

“எந்த மூஞ்சியோட பண்றது? அன்னிக்கு அப்படிப் பேசிட்டு…” துடைத்த கையையே மறுபடி துடைத்தார். “நீ அந்தக் குழுவுல இருக்கேன்னு மாப்பிள்ளை சொன்னார். படம் அனுப்பினா, அடையாளம் தெரிஞ்சு நீயே ஓடி வருவேன்னு நெனச்சேன்.”

“ஓடித்தானே வந்திருக்கேன். துப்பறியறவங்களையும் கூட்டிட்டு.”

“வண்டியை இரும்புக்குப் போட்டுட்டேன்னு நெனச்சியாக்கும்?”

டாக்டர் பார்வையைத் தரைக்கு இறக்கினார். அண்ணன் சட்டென்று திரும்பி, தின்னர் பாட்டிலையும் ஒரு துணியையும் எடுத்தார். “சரி விடு. இல்லாத பொட்டு எதுக்கு? அழிச்சுடறேன்.”

“கை வச்சே, இருக்கிற பல்லெல்லாம் பிடுங்கிடுவேன்!”

மருந்து போடாமல் பிடுங்குவார் என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது. அண்ணன் பாட்டிலைக் கீழே வைத்தார்.

டாக்டர் மட்கார்டுக்கு முன்னால் மண்டியிட்டார். பொட்டை மிக அருகில், நோயாளியின் வாயைப் பார்ப்பதுபோல் பார்த்தார். “ரெண்டு பழுப்புதான் போட்டிருக்கே. மூணு வேணும். வால் இப்படி இழுக்கக் கூடாது, இங்கே இருந்து தொட்டு விடணும்.” கைப்பைக்குள் பிரஷைத் துழாவினார். “மாப்பிள்ளை சாரே, வேலை இல்லாம நிக்கறீங்களே, அந்தப் பெயின்ட் டப்பாவை எடுங்க. வீட்டுக்கு வந்ததும் உங்களுக்குத் தனிக் கச்சேரி இருக்கு.”

கண்ணாடிக் கடைக்காரர் பின்சீட்டிலிருந்து குதித்தார். உண்மையிலேயே நடைப் பயிற்சி செய்தவரின் சுறுசுறுப்பு.

வால் சரியாக வந்ததும் டாக்டர் எழுந்து, படங்களைக் காரின் பானெட் மேல் அடுக்கினார். முதல் படத்தைத் திருப்பி, ‘உண்மை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இரண்டாவதிலும். மூன்றாவதில் பேனா நின்றது. அண்ணியைப் பார்த்தார்.

“உங்க குழு, உங்க கையெழுத்து,” என்றார் அண்ணி.

டாக்டர் ‘இரண்டும்’ என்று எழுதினார்.

“சாயங்காலம் குழு இதைப் பார்த்துட்டு உங்களைக் கேள்வி கேக்காதா?” என்றார் அவசரம்.

“கேக்கட்டும். வண்டியிலயே போய் இறங்கிப் பதில் சொல்றேன்.”

அண்ணன் சாவியை எடுத்து, ஒரு கணம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். சாவியைத் தங்கையிடம் நீட்டினார். தான் முன்சீட்டுப் பக்கம் போகவில்லை. பாதி தைத்த பின்சீட்டில், தையலுக்குப் பக்கத்தில், அந்தக் கனத்த உடம்பைச் சுருக்கிக்கொண்டு ஏற முயன்றார்.

டாக்டர் ஸ்டியரிங்கைப் பிடித்தார். அது அவர் கைக்குக் கொஞ்சம் பெரிதாகத்தான் இருந்தது. கணவர் பொம்மையைத் துண்டோடு தூக்கிக்கொண்டு பக்கத்து இருக்கையில் உட்காரப் போனபோது, “நீங்க பின்னாடி,” என்றார். அப்புறம் கண்ணாடியில் அண்ணனைப் பார்த்தார்.

“டேய் அண்ணா, முன்னாடி வா. பொம்மை வச்சு விளையாடுன்னு சொன்னேல்ல? ஏறு, விளையாடலாம்.”